தேர் நிலைக்கு வந்த மறுநாள்



வைகாசி பிறந்துவிட்டால் புதுச்சேரி வில்லியனூருக்குத் திருவிழாக் களை வந்துவிடும். திருக்காமீசுவரர் கோயில் பிரம்மோற்சவம், அதில் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். 1954-இல் அவர்கள் ஆட்சி போனது; வழக்கம் போகவில்லை. இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் தொட்டுத் தொடங்கி வைக்க, ஊர் கூடித் தேர் இழுக்கிறது.

மறுநாள்? வளையல் கடைக்காரர் தார்ப்பாயைச் சுருட்டுகிறார். வீதியெங்கும் வாழைமட்டை, நசுங்கிய காகித டம்ளர். கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு பஸ் ஏறியாயிற்று. வடம் இழுத்த உள்ளங்கை இன்னும் எரிகிறது. "என்னமோ வெறிச்சுனு இருக்கு" என்கிறார் திண்ணையில் ஒரு பாட்டி. பாகூர்ப் பக்கம் கல்யாணம் நடந்து முடிந்த வீட்டிலும், பரீட்சை எழுதி முடித்த பிள்ளையின் முகத்திலும் இதே வெறுமையைப் பார்க்கலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியான தூக்கமில்லாமல், வெயிலில் அலைந்து, கண்ட நேரத்தில் சாப்பிட்ட உடம்பைப் பரபரப்புதான் தாங்கிப் பிடித்திருந்தது. அது இறங்கியதும் அசதி மொத்தமாகத் தெரிகிறது. மனசும் கூடவே சோர்கிறது.

நம் கோயில்களுக்கு இது தெரியும். கொடி இறக்கியபின் பல கோயில்களில் விடையாற்றி நடத்துவார்கள். வீதியுலா வந்து களைத்த சாமிக்கு ஊஞ்சல், நாயனம், இளைப்பாறல். சாமிக்குக் கொடுக்கிற அந்த ஓய்வை நமக்கு நாமே மறுத்துக்கொள்கிறோம். தேரன்று இரவே கிளம்பி, விடிந்ததும் கம்பெனி ஷிப்டில் நிற்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

முடிந்தவர்கள் ஒரு நாள் லீவை விழாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நன்றாகத் தூங்குங்கள். பிறகு அன்னதான அண்டாவைத் தேய்ப்பது, பந்தல் பிரிப்பது, வரவு செலவு பார்ப்பது என்று மிச்ச வேலைக்கு நாலு பேரோடு போய் நில்லுங்கள். விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்கிற அந்த வேலையில் மனசு மெல்லத் தரைக்கு வரும். வெறுமையை நிரப்பச் சாராயக்கடைக்குப் போனால் மறுநாள் அது இரட்டிப்பாகும்.

நாலைந்து நாளில் பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதைத் திருவிழா அசதி என்று வீட்டார் தள்ளிப்போட வேண்டாம். சாகத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் அழைக்க 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.