வற்றாளையைக் குடையும் வண்டு

வற்றாளைக் கொடி செழித்துப் படர்ந்திருப்பினும், மண்ணினுள்ளே கிழங்கு பழுதுற்றிருத்தல் கூடும். அதற்குக் காரணம் எறும்பையொத்த ஒரு சிறு கூன்வண்டாகும். கருநீல முதுகும் செந்நிறக் கழுத்தும் உடைய இவ்வண்டின் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். இதன் புழுக்கள் குடைந்த கிழங்கு கசந்து நாறும், மாட்டுக்கும் உதவாது. ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு இவ்வாறு வீணாகின்றது.

எனினும், நேயர்களே, மண்ணைத் தோண்டி ஆழச் செல்லும் வல்லமை இவ்வண்டிற்கு இல்லை. நிலம் வெடித்தால் அவ்வெடிப்பின் வழியே அது கிழங்கை அடைகின்றது. ஆதலின் வெடிப்பை அடைத்தலே முதற்காவலாகும். கொடியின் அடிக்கு மண் அணைத்தல் வேண்டும். வறட்சியில் நிலம் பிளவாதபடி நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

நடுவதற்கு முதிர்ந்த அடித்தண்டை விடுத்து நுனிக்கொடியையே தெரிதல் நன்று; ஏனெனில், வண்டு அடித்தண்டிலும் முட்டையிடும். கிழங்கு முற்றியதும் தாமதியாது அகழ்ந்து, பழைய கொடியையும் துண்டுக் கிழங்குகளையும் எரித்துவிடுதல் வேண்டும். அடுத்த போகத்தில் அதே பாத்தியில் பயறு விதைக்கலாம். கடலோர ஊர்களில் அடம்பன் கொடியும் இவ்வண்டுக்குப் புகலிடமாகும். அதனைத் தோட்டத்தருகே விடலாகாது.

மருந்தை நாடுமுன் மண்வெட்டியை நாடுபவரின் அடுப்பிலே நல்ல கிழங்கு வேகும்.