நாமா, நாங்களா?

(உலக மொழிபெயர்ப்பு நாளையொட்டித் தில்லியில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மொழிபெயர்ப்பாளர்களின் பெருமையைப் பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு தவற்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியின் ஒரு குடிசைப் பகுதியில் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்த பகுதி அது. காலை பத்து மணிக்கு வந்துவிடுவதாக அவர்களிடம் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் ஓர் அறிக்கையைத் தமிழாக்கி அனுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மதியம் கடந்துவிட்டது. அதற்குள் பாதி வீடுகளை எழுதி முடித்திருந்தார்கள்.

அவற்றுள் ஒன்று, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து இருபதாண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்த ஓர் அம்மையாரின் வீடு. வீட்டு வேலைக்குப் போதுமான இந்தி அவருக்குத் தெரியும். படிவத்தின் இந்தி தெரியாது. எத்தனை காலமாக இங்கே வசிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். முன்பு வந்தபோது வீடு பூட்டியிருந்ததைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட அவர், "மாமியாருக்கு முடியல, ஆறு மாசமா ஊருக்கும் இங்கயுமா அலையறேன்" என்றார். பக்கத்து வீட்டுச் சிறுவன், பதினொரு வயதுப் பிள்ளை, கேட்டதில் பாதியை இந்தியில் சொன்னான்: "சே மஹீனே சே." ஆறு மாதமாக. படிவத்தில் ஆறு மாதம் என்று ஏறிவிட்டது.

2015ஆம் ஆண்டின் தில்லிக் குடிசைப்பகுதி மறுவாழ்வுக் கொள்கைப்படி, அவ்வாண்டு சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே அங்கு வசித்தவருக்குத்தான் மாற்று வீடு. ஆறு மாதக் குடியிருப்பாளருக்கு எதுவும் இல்லை. அந்த ஒரு வரியைத் திருத்த, பழைய குடும்ப அட்டையையும் வாக்காளர் அட்டையையும் தூக்கிக்கொண்டு பல மாதங்கள் அலைந்தோம். இறுதியில் திருத்தினார்கள். ஆனால் அந்தச் சிறுவன் என்னிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "என்னாலயா அத்தைக்கு வீடு இல்லன்னு சொல்லிட்டாங்க?"

அந்தக் கேள்வி என்னிடமும் அரசிடமும் கேட்கப்பட வேண்டியது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை. அதனால் ஒரு குழந்தை நின்றது.

தோழர்களே, பொருள் தேடிப் பிரிந்து செல்வோரின் நாட்டைச் சங்கப் பாடல்கள் 'மொழிபெயர் தேயம்' என்று குறிக்கின்றன. வழியின் வெம்மையோடு, போகும் இடத்தில் மொழி மாறிவிடும் என்பதையும் அந்தப் புலவர்கள் கண்டிருந்தார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டுச் செல்வதும் மொழி தெரியாமல் நிற்பதும் அன்றே சேர்ந்து வந்தவை.

மொழி தெரியாத இடத்தில் இடையில் ஒருவர் வந்தே தீருவார். அவர் யாருடைய ஆள் என்பதே கேள்வி. நூலைப் பெயர்ப்பவரை மொழிபெயர்ப்பாளர் என்கிறோம். பேச்சை அங்கேயே பெயர்த்துச் சொல்பவருக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. சிலர் உரைபெயர்ப்பாளர் என்கிறார்கள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது: துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு வரலாற்றுக்குக் கிடைத்த பெரும் செல்வம். அதே நேரத்தில், துபாஷி என்பவர் வணிகக் கும்பினிக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையில் நின்ற தரகரும் ஆவார். மொழி அவருக்கு மூலதனம்.

அந்தத் துபாஷி மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டின் செங்கல் சூளைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் ஒடியா பேசும் தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பாளர் யார்? அவரை அழைத்துவந்த ஒப்பந்தக்காரர்தான். கூலி எவ்வளவு என்று முதலாளி சொல்வதையும், கூலி குறைகிறது என்று தொழிலாளி சொல்வதையும் அவரே பெயர்க்கிறார். கூலியில் பிடித்தம் செய்பவரும் அவரே. இந்த நிலையில் மொழிபெயர்ப்பு சுரண்டலின் ஒரு கருவியாகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாஸ்புக் ஒன்று தரவேண்டும் என்றது; அது இந்தி, ஆங்கிலத்தோடு அந்தத் தொழிலாளியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நான் சந்தித்த தொழிலாளர்களில் அதைக் கையில் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. அந்தச் சட்டமும் இப்போது 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனுவை அளிக்கலாம் என்கிறது. மனுவைக் கொடுக்கும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க ஆள் வைக்கும் கடமை சொல்லப்படவில்லை. 1962இல் ஹரிகிசன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு நல்ல நெறியை வகுத்தது. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களை அவர் அறியாத ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, காவல் அதிகாரி வாயால் விளக்கினார் என்பது போதாது. அவர் புரிந்துகொள்ளும் மொழியில் எழுத்திலேயே தரவேண்டும் என்று சொல்லி, காவல் ஆணையை நீதிமன்றம் செல்லாததாக்கியது. புரியாத மொழியில் தரப்பட்ட அறிவிப்பு அறிவிப்பே ஆகாது என்பதுதான் இதன் சாரம்.

சிறைப்பட்டவருக்குப் பொருந்தும் இந்த நெறி, வாழ்விடம் பறிபோகக்கூடியவருக்குப் பொருந்தாதா? 2020 மார்ச்சில், நாடு பொதுமுடக்கத்துக்குள் தள்ளப்பட்ட நாட்களில், ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையைக் கொண்டுவந்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கான அவகாசத்தை 30 நாட்களிலிருந்து 20 நாட்களாகக் குறைக்க முனைந்த வரைவு அது. மீனவரும் பழங்குடியினரும் விவசாயியும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய ஆவணம். அதை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் 10 நாட்களுக்குள் மொழிபெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் சூன் 30 அன்று ஆணையிட்டது. அரசு என்ன செய்தது? மொழிபெயர்க்கவில்லை; உச்சநீதிமன்றத்துக்குப் போனது. ஆட்சிமொழிச் சட்டப்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று வாதிட்டது. ஆகஸ்ட் 13 அன்று அந்த மனு தள்ளுபடியாகி, உயர்நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கோருமாறு அனுப்பப்பட்டபோது, கருத்துச் சொல்வதற்கான கடைசி நாளான ஆகஸ்ட் 11 கடந்துவிட்டிருந்தது.

பணமோ ஆளோ இல்லாததால் இது நேர்ந்தது என்று சொல்ல முடியாது. 1964இலேயே மக்களவையில் உடனடி மொழிபெயர்ப்பு தொடங்கிவிட்டது. 2018 சூலையில் மாநிலங்களவையில் 22 மொழிகளிலும் உறுப்பினர் பேச ஏற்பாடு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் உறுப்பினருக்கு உள்ள மொழிபெயர்ப்பாளர், அவருக்கு வாக்களித்தவருக்கு இல்லை. 2025 சூன் 1 அன்று ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. இருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். 150க்கு மேற்பட்ட குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்தபோது, படிவத்தில் ஏறிய அந்த ஆறு மாதம்தான் என் நினைவுக்கு வந்தது.

தில்லியில் நாம் கேட்பதைத் தமிழ்நாட்டில் பிறருக்கும் கொடுக்க வேண்டும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. இந்தியில் விளக்கங்களும் உதவி எண்களும் அவசரமாக வெளியிடப்பட்டன. வதந்தி அவர்களுடைய மொழியில் அவர்களிடம் முதலில் வந்தது. உண்மை பின்னால் வந்தது. தொழிற்சங்கத்தின் குரல் அவர்களுடைய மொழியில் முன்பே அவர்களிடம் இருந்திருந்தால் பொய்க்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது. இந்தித் திணிப்பை எதிர்ப்பதும், இந்தி பேசும் தொழிலாளியிடம் அவர் மொழியில் பேசுவதும் முரண்பட்டவை அல்ல. திணிப்புக்கு மாற்று மொழிபெயர்ப்புதான்.

எந்திரம் இருக்கிறதே என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். 2022இல் அரசு 'பாஷிணி'யைத் தொடங்கியது. பயன்படுத்துவோம், நானும் எந்திரத்தைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த அம்மையாரின் கண்ணைப் பார்த்து, "கேள்வி உங்களுக்குச் சரியாகப் புரிந்ததா?" என்று திருப்பிக் கேட்கும் பொறுப்பு ஒரு மனிதருக்குத்தான் உண்டு. தவறு நேர்ந்தால் கையெழுத்திட்டவராக வந்து நிற்க வேண்டியவரும் அவர்தான்.

இந்தப் பொறுப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு தஞ்சை விவசாயி. 2021 சனவரிக் குளிரில், சிங்கு எல்லையில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழர்களோடு சாலையில் அமர்ந்திருந்தேன். பஞ்சாபின் முதிய விவசாயி ஒருவர் "ஹம் லடேங்கே" என்றார். "நாங்கள் போராடுவோம் என்கிறார்" என்று பெயர்த்தேன். தஞ்சைப் பெரியவர் கேட்டார்: "அவங்க போராடுவாங்க, சரி. நம்மள என்ன செய்யச் சொல்றாரு?" இந்தியின் 'ஹம்' என்ற சொல்லில் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது தெரியாது. தமிழில் தெரிந்தாக வேண்டும். நான் 'நாங்கள்' என்றதும் தஞ்சைக்காரர்கள் விருந்தினர்கள் ஆகிவிட்டார்கள். பஞ்சாபியரிடமே திரும்பக் கேட்டேன். அவர் எங்கள் அனைவரையும் சுற்றிக் கையைக் காட்டினார். 'நாம்' என்று திருத்திச் சொன்னேன்.

எல்லா இடத்திலும் 'நாம்' போடுவதும் நேர்மை ஆகாது. பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகி, "ஹம் நட்டத்தில் இருக்கிறோம்" என்று இந்தியில் சொல்லும்போது, "நாம் நட்டத்தில் இருக்கிறோம்" என்று பெயர்ப்பவர் தொழிலாளியை ஏமாற்றுகிறார். இலாபத்தில் 'நாங்கள்' என்பவர்கள் நட்டத்தில் மட்டும் 'நாம்' என்பார்கள். இதைக் கண்டுகொள்ள இலக்கணம் மட்டும் போதாது. வர்க்கப் பார்வையும் வேண்டும்.

கடைசியாக, நம் வீட்டுக்குள் பார்ப்போம். பொதுவுடைமைக் கருத்தே தமிழுக்கு மொழிபெயர்ப்பாக வந்தது. 1931இல் 'குடி அரசு' கம்யூனிஸ்ட் அறிக்கையின் பகுதியைத் தமிழில் வெளியிட்டது. சிறையில் இருந்தபடி 'மூலதன'த்தைத் தமிழாக்கினார் தியாகு. அந்த மரபில் வந்த நாம், கட்சி மாநாட்டுக்கான வரைவுத் தீர்மானத்தின் தமிழாக்கத்தைக் கடைசி வாரத்தில் கிளைக்கு அனுப்பினால், ஆங்கிலம் படிக்கும் தோழருக்கு இரண்டு மாத விவாதமும் தமிழ் மட்டும் படிக்கும் தோழருக்கு ஒரு மாலை நேர விவாதமும் என்றாகிறது. இது மொழிபெயர்ப்புத் தாமதம் அல்ல, உட்கட்சி ஜனநாயகத்தின் குறை. கிளையிலிருந்து தமிழில் வரும் திருத்தங்கள் ஆங்கிலத்தில் ஏறி மேலே போகின்றனவா என்பதையும் கேட்போம். பாதை இருவழிப் பாதையாக இருக்க வேண்டும். என் மேசையில் தாமதமானவற்றுக்கு நானும் பொறுப்பேற்கிறேன்.

ஆகவே சில கோரிக்கைகள். கணக்கெடுப்பிலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்கக் கூடாது. கைரேகை வாங்குமுன் எழுதியதை அவரவர் மொழியில் படித்துக்காட்டி, படித்தவரும் கையெழுத்திட வேண்டும். தொழிலாளர் துறையின் மொழிபெயர்ப்பாளருக்கு அரசே ஊதியம் தரவேண்டும். ஒப்பந்தக்காரர் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. கட்சியின் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் பிறமொழி அறிந்த தோழர்களின் பட்டியலை வைத்திருந்து, அவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும்.

அந்தச் சிறுவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். நான்கு மொழிகள் பேசுகிறான். சென்ற மாதம் ஒரு குடியிருப்பில் படிவம் நிரப்பும் பணிக்கு என்னோடு வந்தான். ஒவ்வொரு வீட்டிலும், எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்காட்டிய பிறகே பேனாவை மூடினான். நாங்கள் குறித்த நேரம் காலை பத்து மணி. ஒன்பதரைக்கே அங்கே இருந்தோம்.