கொட்டகையில் நிற்கிற டிராக்டரை எடைக்குப் போடும் முன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வந்திருக்கும் கடன் விண்ணப்பங்களில் ஒன்று, கறவை மாட்டுக்கோ தையல் மெஷினுக்கோ கேட்டது இல்லை. நம்ம உறுப்பினர் அக்கா ஒருவர், ஆறு வருஷமாகக் கொட்டகையில் நிற்கும் டிராக்டரை ஓட வைக்கக் கடன் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. அவர் தவறிய பிறகு யாரும் தொடவில்லை. பழைய இரும்பு வியாபாரி இரண்டு தடவை வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். குழுவில் இப்போது இரண்டு கட்சி. "எடைக்குப் போட்டுட்டு மாடு வாங்கலாம்" என்கிறார்கள் சிலர். "உழவுக்கு வெளியாளுக்குக் கொடுக்கிற பணம் நம்ம ஊர்லயே நிக்குமே" என்கிறார்கள் மற்றவர்கள்.

நான் மெக்கானிக் இல்லை, சமூகப்பணி படித்தவள். ஆனால் போன வாரம் அந்தக் கொட்டகையில் மெக்கானிக் அண்ணனோடு நாலு நாள் நின்று, இது என்ன, அது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி பிழைக்குமா பிழைக்காதா என்று தெரிந்துகொள்ள அதிகப் பணம் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கடன் தீர்மானமும் போடக்கூடாது, எடைக்கும் போடக்கூடாது. இதுதான் என் கருத்து.

வண்டி மேஸி 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனி தயாரித்தது. மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின். பழைய மெக்கானிக்குகளுக்கு இது பழகின வண்டி, சாமான்களும் கிடைக்கும். ஊர் பேர் தெரியாத வண்டியாக இருந்தால் நான் இவ்வளவு தூரம் பேச மாட்டேன்.

முதல் நாளே பக்கத்து வீட்டுத் தம்பிகள் வந்துவிட்டார்கள். "புது பேட்டரி போட்டு சாவியைத் திருப்புங்க", "இன்னொரு டிராக்டர்ல சங்கிலி கட்டி இழுத்தா தானா ஸ்டார்ட் ஆயிடும்" என்று ஆளுக்கொரு யோசனை. மெக்கானிக் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வருஷக்கணக்கில் நின்ற இஞ்சினில் பிஸ்டன் வளையம் துருவேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சங்கிலி போட்டு இழுத்தால் வளையம் உடையும், கனெக்டிங் ராடு வளையும். சின்னச் செலவில் முடிய வேண்டியது இஞ்சினையே பிரிக்கிற வேலையாகிவிடும்.

அவர் முதலில் பார்த்தது சைலன்சர் வாயை. மேலே பார்த்து நிற்கும் குழாய் திறந்து கிடந்தால் மழைத் தண்ணீர் நேராக இறங்கும். வால்வு திறந்திருக்கிற சிலிண்டரில் போய் நிற்கும். கொட்டகைத் தகரம் இரண்டு இடத்தில் ஓட்டை. ஆனால் அந்த அண்ணன் கடைசியாக வண்டியை நிறுத்தியபோது குழாய் மேல் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அது அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு மூன்று நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றினார். இரண்டு ராத்திரி ஊற விட்டார். மூன்றாம் நாள் கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் திருப்பினார். முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஒரு விரற்கடை. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, மத்தியானத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது. கையால் சுற்றவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அப்போது செலவுக் கணக்கு வேறு, எடைக்குப் போடலாமா என்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆயிலை இறக்கும்போது அடியில் ஒரு வெள்ளைத் தட்டு வையுங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம், அதனால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக்கில் கீறல்கூட இருக்கலாம். நம்ம வண்டியில் கறுப்பு ஆயில்தான் வந்தது. டீசல் டேங்க்தான் மோசம். அடியில் பாசி மாதிரி வழவழவென்று படிந்திருந்தது. டேங்கைக் கழற்றிக் கழுவி, இரண்டு டீசல் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, ஏர் எடுத்தார். ஏர் எடுப்பது என்றால், ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, பம்ப் லீவரைக் கையால் அடித்துக்கொண்டே இருப்பது. நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடிக்க வேண்டும். இது பெண்கள் செய்யக்கூடிய வேலை. அக்காவேதான் செய்தார்.

ஏர் கிளீனரில் எலிக்கூடு, சொல்ல வேண்டியதே இல்லை.

ஸ்டார்ட் செய்கிற நேரம்தான் ஆபத்தான நேரம், இதைக் கவனமாகக் கேளுங்கள். டீசல் பம்ப் உள்ளே பிசின் மாதிரிப் பிடித்திருந்தால், இஞ்சின் பிடித்ததும் கட்டுக்கடங்காமல் கத்த ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அதனால் நிறுத்துகிற லீவர் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டு, காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு தடிப்பலகையும் தயாராக வைத்திருந்தார். கையாலோ துணியாலோ மூடக்கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எல்லாம் இறுகச் செருகியிருக்க வேண்டும். பின்னால் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மூடி இல்லை என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். நாசில் குழாய் கசிகிறதா என்று விரலால் தடவியும் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நாலாம் நாள் சாயங்காலம், மெக்கானிக் அண்ணன் தன் பேட்டரியைக் கொண்டுவந்து இணைக்க, வண்டி பிடித்தது. வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க. ஆயில் பிரஷர் முள் உடனே ஏறியது. ஏறாவிட்டால் அப்போதே நிறுத்தியாக வேண்டும்.

வேலை இன்னும் முடியவில்லை. கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டியிருக்கிறது. பம்பை டவுனில் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். பேட்டரி புதிதாக வேண்டும். டயர்கள் வெடிப்பு விட்டிருக்கின்றன, பெரிய செலவு அதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆர்.சி. புத்தகம். அது இன்னும் இறந்தவர் பேரில்தான் இருக்கிறது. கொழுந்தனார், "வண்டி எங்க அண்ணனோடது, நானும் ஒரு பங்காளி" என்று பேசத் தொடங்கியிருக்கிறார். ஓடாத வரைக்கும் கேட்காதவர், ஸ்டார்ட் ஆன மறுநாள் கேட்கிறார்! உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. நம்ம அக்காவுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாமதத்துக்கு உள்ளதைக் கட்டி இப்போதும் கேட்கலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வண்டிப் பதிவும் 15 வருஷத்துக்குத்தான் செல்லும், பிறகு படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறக்கவே கூடாது. விவசாய வேலைக்கென்று இன்சூரன்ஸ் எடுத்த வண்டியில் செங்கல் வாடகைக்கு ஏற்றினாலோ, டிரெய்லரில் ஆள் ஏற்றினாலோ, விபத்து நடந்தால் இழப்பீடு சிக்கலாகும். நாற்று நடப் போகும்போது நாமே டிரெய்லரில் ஏறி உட்காருகிறோம், அதையும் யோசியுங்கள்.

ஆகவே கடனை இரண்டு தவணையாகக் கொடுக்கலாம் என்று குழுவுக்குச் சொல்கிறேன். பம்ப், கிளட்ச், பேட்டரிக்கு முதல் தவணை, பில் பார்த்துத்தான். ஆர்.சி. அக்கா பேருக்கு மாறி வந்த பிறகு டயருக்கு இரண்டாவது தவணை. அடுத்தவர் பேரில் உள்ள வண்டிக்கு நம்ம சேமிப்புப் பணத்தில் டயர் மாட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாடுதான் வாங்கணும் என்கிற சகோதரிகளும் பேசட்டும், அவர்கள் கேள்வியும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

மற்ற குழுக்களில் யார் வீட்டிலாவது இப்படி வண்டி நின்றால், அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். சைலன்சர் வாயை மட்டும் இன்றைக்கே மூடிவிடுங்கள், மழைக்காலம் வருகிறது.