எச்சில் வழிப் பரவும் காய்ச்சல்



1964-இல் லண்டனில் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் கிருமி, பெரும்பாலும் எச்சில் வழியே பரவுகிறது. சிறு குழந்தைகளிடம் அது அநேகமாக அடையாளமே காட்டாது. பதின்ம வயதினருக்கோ காய்ச்சல், கடும் தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுதல், வாரக்கணக்கில் சோர்வு ஆகியவை உண்டாகலாம்.

ஆண்டிபயாடிக் மருந்து இக்கிருமியைக் கொல்லாது. அதைக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். அமாக்சிசிலின் கொடுத்தால் உடலெங்கும் தடிப்புக்கூடத் தோன்றலாம். ஓய்வும் நீராகாரமுமே முக்கியம். மண்ணீரல் வீங்கியிருக்கலாம், அடிபட்டால் கிழியும். ஆகவே மருத்துவர் அனுமதிக்கும்வரை பந்து விளையாட அனுப்பாதீர்கள். இடப்பக்க மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலியோ, மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. குணமான பின்னும் பல மாதங்கள் எச்சிலில் கிருமி இருக்கும். குவளையில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பாட்டிமார் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.