கிராமப் பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரச் சாமான் சேகரம்

(கிராமவாசிகளும் உபாத்தியாயர்களும் கூடிய கூட்டத்திற்கான பிரசங்கம்)



கிராமத்துப் பிள்ளைகள் பௌதிக சாஸ்திரத்தைப் புஸ்தகத்தில் வாசிக்கிறார்கள், நெட்டுருப் பண்ணுகிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள். ஆனால் நெம்புகோலின் இலக்கணத்தைத் தடையின்றி ஒப்புவிக்கும் பையன், தன் தகப்பனார் கடப்பாரையால் பாறையைப் புரட்டுவதும் அதே சாஸ்திரந்தான் என்று அறிவதில்லை. இதற்குக் காரணம் புத்திக் குறைவன்று. கையால் தொட்டுப் பார்க்கத்தக்க சாமான்கள் வகுப்பில் இல்லாமையேயாம். சில பள்ளிக்கூடங்களில் சாமான்கள் இருந்தும், பீரோவுக்குள் பூட்டுண்டு கிடக்கின்றன. இது இல்லாமையைக் காட்டிலும் பெரிய நஷ்டம்.

“பணத்திற்கு எங்கே போவது?” என்று கேட்போர் ஒரு சரித்திரத்தைக் கவனித்தல் வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் பல தேசங்களின் பள்ளிக்கூடங்கள் பாழாயின. அத்தேசத்து உபாத்தியாயர்கள் எளிய பொருள்களைக் கொண்டே சாஸ்திரம் கற்பிக்கும் வழிகளை ஸ்டீபன்ஸன் என்னும் ஆங்கிலேய உபாத்தியாயர் சிறு நூலாக எழுத, யுனெஸ்கோ ஸ்தாபனம் 1948-ம் வருஷத்தில் அதை வெளியிட்டது. அதுவே விரிந்து 1956-ல் பெரிய புஸ்தகமாகிப் பல பாஷைகளிலும் பரவிற்று.

நமது தேசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1972-ல் மத்தியப் பிரதேசத்தில், அக்காலம் ஹோஷங்காபாத் என வழங்கிய ஜில்லாவில், கிஷோர் பாரதி, ரஸூலியா பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரண்டு ஸ்தாபனங்கள் 16 நடுத்தரப் பள்ளிக்கூடங்களில் ஒரு புதிய முறையைத் தொடங்கின. பிள்ளைகள் நால்வர் நால்வராய் அமர்ந்து, சாமான் பெட்டியைத் திறந்து, தாங்களே பரிசோதனை செய்து, கண்டதை எழுதினார்கள். பரீட்சையிலும் புஸ்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதியிருந்தது. 1978-ல் ஜில்லா முழுவதற்கும் பரவிய இம்முறையை, 1982-ல் ஏற்பட்ட ஏகலவ்யா ஸ்தாபனம் மேற்கொண்டு நடத்தியது. ஆயினும் 2002-ல் இராஜாங்க உத்தரவால் பள்ளிக்கூடங்களில் அது நிறுத்தப்பட்டது. உத்தரவை மாத்திரம் நம்பி நிற்கும் காரியம் உத்தரவோடு முடியக்கூடும். கிராமமே உரிமை கொண்டாடும் சேகரம் அவ்வாறு எளிதில் முடியாது.

சேகரத்தை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, வீட்டில் கிடைப்பவை: நூல், கல், தகர டப்பா, கண்ணாடிப் புட்டி, மெழுகுவர்த்தி. ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டிச் சிறிதளவு ஆட்டினால், போய் வரும் 20 ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 40 விநாடியாகும். கல்லின் கனத்தை மாற்றினாலும் காலம் மாறாது. நூலின் நீளத்தைக் கால் பங்காக்கினால் காலம் பாதியாகும். இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, ஊர்க் கைத்தொழிலாளிகள் செய்து தரக்கூடியவை. தச்சரிடம் தராசும் சாய்பலகையும், கொல்லரிடம் கப்பியும் இருப்பாணியும் பெறலாம். மூன்றாவது, கடையில் வாங்க வேண்டியவை: காந்தம், உறையிட்ட செப்புக் கம்பி, பூதக்கண்ணாடி, சிறு பல்பு, 1.5 வோல்ட் பாட்டரி. நான்காவது, அம்மீட்டர், தூரதிருஷ்டிக் கண்ணாடி முதலிய விலை உயர்ந்தவை.

சாமான் கையிலிருந்தால் புஸ்தகத்தின் பிழையும் வெளிப்படும். நீர் நிறைந்த டப்பாவின் பக்கத்தில் மேலும் கீழுமாய் மூன்று துவாரமிட்டால், அடித்துவாரத்து நீரே அதிக தூரம் விழுவதாகச் சில புஸ்தகங்களில் படம் போட்டிருக்கிறது. அடித்துவாரத்தில் வேகம் அதிகம் என்பது மெய்யே. ஆனால் டப்பாவைத் தரையில் வைத்து, நீர்மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே பார்த்தால், நடுத்துவாரத்து நீரே தூரம் போய் விழும். அடித்துவாரத்து நீர் தரைக்கு அருகில் புறப்படுவதால் சீக்கிரம் தரையைத் தொட்டுவிடுகிறது. இவ்வாறு தானே கண்ட பிள்ளை, பிறகு எதையும் சோதித்தே ஒப்புக்கொள்ளும்.

அபாயத்தையும் மறக்கலாகாது. வீட்டு மின்சாரத்தைப் பரிசோதனைக்கு உபயோகிக்கவே கூடாது, பாட்டரியே போதும். பூதக்கண்ணாடி வழியாகவோ தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகவோ சூரியனைப் பார்க்கக் கூடாது. பாதரசம் விஷமாதலால், பாதரச உஷ்ணமானியைச் சேகரத்தில் சேர்க்காதிருப்பதே உத்தமம்.

இனி, கூட்டுறவுக்கு உரிய பாகம். நான்காவது வகைச் சாமான்களை ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தனித்தனியே வாங்க முயன்றால் ஒன்றுக்கும் கிட்டாது. அடுத்தடுத்த ஐந்து கிராமங்கள் பங்கு போட்டு ஒரு பொதுப் பெட்டி வாங்கினால், அது பக்ஷத்திற்கு ஒரு பள்ளிக்கூடமாகச் சுற்றி வரலாம். பெட்டி கைமாறும்போது இரு உபாத்தியாயர்களும் ஜாபிதாவைச் சரிபார்த்துக் கையெழுத்திடல் வேண்டும்.

கணக்கில் ஒரு விசேஷ ஏற்பாடு அவசியம். நிலையாயிருக்கும் சாமான்களுக்கு ஓர் இருப்புப் புஸ்தகமும், கம்பி, மெழுகு, பாட்டரி போலச் செலவாகிறவற்றிற்கு வேறொரு புஸ்தகமும் இருத்தல் வேண்டும. பாடம் நடக்கையில் உடைந்ததற்கு உபாத்தியாயரிடம் பணம் வசூலிப்பது தவறு. வசூலுக்குப் பயந்த உபாத்தியாயர் பீரோவைத் திறக்கமாட்டார்; பிள்ளைகளும் சாமானைக் காணமாட்டார்கள். ஆகையால் வருஷந்தோறும் ஒரு சிறு தொகையைச் சேதத்திற்கென ஒதுக்கி, உடைந்ததைக் கமிட்டியார் பார்த்துத் தள்ளுபடி செய்வதே முறை. சாமான் தேய்ந்திருந்தால் அது உபயோகப்பட்டதற்கு அத்தாட்சி. வருஷக் கடைசியிலும் புதிதாகவே இருந்தால் அதைப் பற்றித்தான் கமிட்டியார் விசாரிக்க வேண்டும்.

இக்கூட்டம் கலைவதற்கு முன் ஒவ்வொரு கிராமத்தாரும் ஓர் உபாத்தியாயர், ஒரு கைத்தொழிலாளி, ஒரு தாயார் ஆகிய மூவரடங்கிய கமிட்டியைத் தெரிந்தெடுத்து, முதல் வகைச் சாமான்களின் ஜாபிதாவை எழுதத் தொடங்குவார்களாக. அதற்குக் காகிதமும் பென்சிலுமே மூலதனம்.