சாவியைத் திருப்பிய பின்னும் ஓடும் வண்டி



வெல்லவாயாவிலிருந்து கொஸ்லந்தைக்கு வரும் பாதையில் தியலும நீர்வீழ்ச்சி இருக்கிறது. 220 மீற்றர் உயரத்திலிருந்து நீர் எளிதாக இறங்கிவிடுகிறது. அம்மலையில் பழைய மோட்டார் வண்டியொன்று ஏறுவது அத்துணை எளிதன்று. நான்கைந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து, இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு வந்து, கொஸ்லந்தைக் கடைத்தெருவில் நிறுத்திச் சாவியைத் திருப்பினால், சில வண்டிகள் நிற்க மறுக்கின்றன. குலுங்கி, இருமி, சில விநாடிகள் ஓடிய பின்னரே அடங்குகின்றன. இதனைக் கண்டதும், "சிலிண்டர் ஹெட்டைக் கழற்றவேண்டும்" என்று தீர்ப்புச் சொல்வோர் உண்டு. வாடகைக்கு வண்டியோட்டிப் பிழைப்பவருக்கு அத்தீர்ப்புப் பல நாள் வருமானத்தை விழுங்கிவிடும். ஆகவே, நோயை அறியும் முறையை இன்று சிறிது ஆராய்வோம்.

பெற்றோல் இயந்திரத்தில் நெருப்பைக் கொடுப்பது பிளக்கின் மின்பொறி. பொறி அற்ற பின்னும் இயந்திரம் சுழல்கிறதென்றால், பற்றவைக்கும் சூடும் பற்றுவதற்குரிய பெற்றோல் கலவையும் உள்ளே இருத்தல் வேண்டும். நீண்ட ஏற்றத்தில் பழுக்கக் காய்ந்த கரிப்படிவோ பிளக்கின் நுனியோ தணல்போல் நின்று தீ மூட்டுகிறது. இதனை டீசல் ஓட்டம் என்பாரும் உளர். முற்றும் பொருத்தமான பெயரன்று. டீசல் இயந்திரம் காற்றைப் பதினைந்து மடங்குக்கு மேல் அமுக்கி, அச்சூட்டாலேயே எரிப்பது. 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியின் 948 சி.சி. இயந்திரமோ ஏறக்குறைய எட்டு மடங்கே அமுக்குவது. அதற்குத் தணலின் துணை வேண்டும்.

முதற் சோதனை காதுக்குரியது. சாவியைத் திருப்பிய பின்னும் இயந்திரம் குலுங்காமல் சீராக ஓடினால், மின்சாரமே நிற்கவில்லையோ என்று ஐயுறவேண்டும். சுவிட்சிலிருந்து மெல்லிய கம்பி வந்து சேரும் கொயில் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு சிறு சோதனை விளக்கைப் பொருத்திச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணையாவிடின் குற்றம் சுவிட்சிலோ அதன் கம்பிகளிலோ உள்ளது. விளக்கு அணைந்தும் இயந்திரம் குலுங்கினால் சூடே காரணம்.

அடுத்து, வண்டி நிற்கையில் இயந்திரம் ஓடும் வேகத்தைக் கவனிக்கவேண்டும். என் கணிப்பில் பெரும்பாலான வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும். அவ்வேகம் மிகுந்திருந்தால் காபுரேற்றரின் வாயில் சற்றே திறந்து நிற்கிறதென்று பொருள். தணலுக்கு உணவு ஓயாமல் கிடைக்கிறது. ஹப்புத்தளைப் பக்கத்துக் குளிர்காலையில் இழுத்த சோக் கம்பி துருவேறி முழுதும் திரும்பாமல் நின்றாலும் இதே விளைவுதான். ஒரு துளி எண்ணெயும் திருகாணியில் அரைச் சுற்றுமே மருந்து! இக்காலத்து ஊசிமுறை வண்டிகளில் சாவியோடு பெற்றோலும் நின்றுவிடுவதால் இத்தொல்லை இல்லை.

அதன்பின் ரேடியேற்றர் நீர், விசிறிப் பட்டி, பொறி விழும் நேரம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பொறி பிந்தி விழுந்தால் வெப்பம் மிகும். காபுரேற்றர் அடியிலுள்ள கஸ்கெட் கசிந்து காற்றுப் புகுந்தாலும் அப்படியே. பிளக்கைக் கழற்றுங்கள், நுனி வெளிறிக் கொப்புளித்திருந்தால் அது அளவுக்கு மீறிக் காய்கிறது. வண்டிக்கு உரிய இலக்கமுடைய பிளக் தானா என்று ஒப்பிடவேண்டும்.

பெற்றோலில் ஈயம் இல்லாமற் போனதே காரணமென்று பழைய வண்டிக்காரர் சிலர் சாதிப்பர். 1921இல் அமெரிக்காவில் தொமஸ் மிட்ஜ்லி கண்ட அந்த ஈயக் கலப்பு, நஞ்சென்பதால் உலகெங்கும் கைவிடப்பட்டது. இலங்கையில் 92, 95 ஒக்டேன் பெற்றோல்கள் விற்கப்படுகின்றன. ஒருமுறை 95 நிரப்பிப் பார்த்தல் சோதனைக்கு உதவும். ஆனால் கரியை அது அகற்றாது. இவையெல்லாம் சரியாக இருந்தும் குலுக்கம் நீங்காவிட்டால், அப்பொழுது ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டலாம். புகைக்குழாயில் நீலப்புகை வருமாயின் எண்ணெய் எரிந்து கரி மீண்டும் படியும். பிஸ்டன் வளையங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை, ஏற்றம் முடிந்ததும் ஒரு நிமிடம் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுப் பின்னரே சாவியைத் திருப்புங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கால் பிறேக்கை நன்றாக அழுத்தி, கைப்பிறேக்கும் போட்டு, மேல் கியரில் வைத்துக் கிளச்சை மெல்ல விடுங்கள், உடனே நின்றுவிடும். குலுங்கும் இயந்திரம் சில வேளை பின்புறமாகவும் சுழலும். ஆதலால் அது அடங்குமுன் சரிவில் வண்டியைவிட்டு இறங்கவேண்டா.