கந்தைத் துணியும் கைத்திறனும்

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் பேசுவதே நம் வழக்கம். அவ்வாறு பேசத் தகுதியுடைய புலவர் பெருமக்கள் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் கணக்கு எழுதி வருகிறவன். ஆதலால் நான் கண்ணால் கண்ட ஒரு பொருளைப் பற்றிப் பேசவே அனுமதி கேட்டேன். அப்பொருள் ஒரு போர்வை.

நம் மகளிர் பிரிவுச் சகோதரியர் அடுத்த விழாவில் அறப்பணிக்காக ஒரு கடை வைக்க எண்ணியுள்ளனர். சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் போர்வைகளை வாங்கி விற்று, கிடைக்கும் இலாபத்தை நம் சங்கத்தின் ஏழை மாணவர் கல்வி நிதியில் சேர்ப்பது அவர்கள் திட்டம். எண்ணம் மிக நல்லது. ஆயினும் அதனைச் செயற்படுத்துமுன், அப்போர்வையைத் தைப்பவர் யார், அவருடைய நாள் எவ்வாறு கழிகிறது, அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பவற்றை நாம் ஆராய்தல் கடமையாகும்.

சித்தி என்றவுடன் நம் வீட்டுக் குழந்தைகள் தாயின் தங்கையை நினைத்துக்கொள்வார்கள். நான் கூறுவது ஓர் இனத்தின் பெயர். ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, பல தலைமுறைகளாக இந்திய மண்ணிலேயே பிறந்து வாழும் மக்கள் அவர்கள். குஜராத்திலும் ஐதராபாத்திலும்கூட அவ்வினத்தார் உளர். நம் ஹுப்பள்ளிக்கு அண்மையில், வட கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த ஹலியாள், எல்லாப்பூர், முண்டகோடு, அங்கோலா ஆகிய வட்டங்களின் காட்டோரச் சிற்றூர்களில் அவர்கள் வாழ்கின்றனர். விடுமுறை நாட்களில் அவ்வூர்களில் சிலவற்றுக்கு நான் சென்று வந்ததுண்டு.

அவர்களுள் பலருடைய முன்னோரைப் போர்ச்சுகீசியர் மொசாம்பிக் முதலிய இடங்களிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்து, கோவாவில் அடிமைகளாக விற்றனர். தப்பி ஓடியவர்கள் மேற்கு மலைத் தொடரின் காடுகளுக்குள் புகுந்து குடியேறினர். இன்று அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. பலர் வீட்டில் கொங்கணியும் வெளியில் கன்னடமும் பேசுகின்றனர். 2003ஆம் ஆண்டில் வட கன்னடச் சித்தியர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். தக்காண வரலாற்றில் புகழ்பெற்ற மாலிக் அம்பரும் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டவரே. அவர் அகமதுநகர் அரசைக் கட்டிக் காத்து, முகலாயப் படைகளை எதிர்த்து நின்று, 1626இல் மறைந்தார்.

நாமும் இவ்வூருக்கு வந்து குடியேறியவர்களே. இருப்புப் பாதையும் பணிமனையும் நம் பாட்டன்மாரை இங்கே அழைத்தன. அவர்கள் சம்பளத்துக்காக வந்தார்கள். சித்தியரின் முன்னோர் விலைக்கு விற்கப்பட்டு வந்தார்கள். கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டவரின் பேத்தியர் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கும்போது, கூலியைப் பற்றி நாம் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டாமா?

இனி, அவ்வூர்ப் பெண் ஒருத்தியின் ஒரு நாளைப் பாருங்கள். பொழுது புலருமுன் எழுகிறாள். அடுப்பு மூட்டுகிறாள், தண்ணீர் கொணர்கிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். பிறகு நெல் வயலிலோ பாக்குத் தோட்டத்திலோ கூலி வேலை. திரும்பும்போது தலையில் ஒரு சுமை விறகு. சமைத்து, உண்டு, பாத்திரம் கழுவிய பின்னர், பகல் வெளிச்சம் மிச்சமிருந்தால் திண்ணையில் அமர்ந்து ஊசியைக் கையில் எடுக்கிறாள். எல்லா வேலைகளுக்கும் கொடுத்தது போக எஞ்சிய நேரத்தில்தான் போர்வை வளர்கிறது. நடவுக் காலத்தில் ஊசி உறங்கும். வயல் வேலை ஓய்ந்த நாட்களில் விழித்துக்கொள்ளும். மலைநாட்டு மழையையும் மார்கழிக் குளிரையும் அறிந்தவர்களுக்கு அப்போர்வையின் அருமை விளங்கும்.

கன்னடத்தில் அதனைக் கௌதி என்பர். சித்தியர் கவந்த் என்று வழங்குவர். பழைய சேலை ஒன்றைத் தரையில் விரித்து அடித்துணியாகக் கொள்கின்றனர். கிழிந்த சட்டை, பாவாடை, ரவிக்கை, லுங்கி ஆகியவற்றில் நைந்து போகாத பகுதிகளை வெட்டி, ஒரு மூலையில் தொடங்குகின்றனர். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் உள்ளே மடித்து, அடித்துணியோடு சேர்த்து நூலோட்டிச் செல்கின்றனர். ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று நடுவை நோக்கி முன்னேறுகின்றனர். கடைசித் துண்டு நடுவில் அமரும்போது போர்வை முடிகிறது. காகிதத்தில் வரைந்த மாதிரி கிடையாது, அளவுகோலும் கிடையாது. சிவப்புக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்க வேண்டும் என்பதைக் கண்ணே தீர்மானிக்கிறது. போர்வையைத் திருப்பிப் பார்த்தால், வயலில் ஏர் உழுத சால்களைப் போலத் தையல் வரிசைகள் ஒன்றினுள் ஒன்றாக ஓடுவதைக் காணலாம்.

முடிவில் நான்கு மூலைகளிலும் சிறு துண்டுகளை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைப்பார்கள். அதற்குப் பூல, அதாவது பூ என்று பெயர். பூ இல்லாத போர்வை ஆடை அணியாத மேனிக்கு ஒப்பு என்பது அவர்கள் கருத்து. குளிரை விரட்ட அந்தப் பூ தேவையில்லை. ஆயினும் அதனை வைக்காமல் ஊசியைக் கீழே வைப்பதில்லை. கலை என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நான் அறியேன்.

நம் பாட்டிமாரும் பழஞ்சேலையை வீணாக்கியவர்கள் அல்லர். தூளி கட்டினார்கள், மடித்து மெத்தென்று விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். உடுத்து நைந்த துணியின் மென்மை புதுத் துணிக்கு வாராது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

இப்போர்வைகளை ஆப்பிரிக்கத் துணி என்று எழுதி விற்கலாமே, மக்கள் புதுமையென்று வாங்குவார்களே என்று நண்பர் ஒருவர் கூறினார். அது உண்மையாகாது. துணி இந்தியத் துணி, தைப்பவர் இந்தியக் குடிமக்கள், மூதாதையர் ஆப்பிரிக்கர். ஆப்பிரிக்காவில் கையால் ஆகும் துணிகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. கானா நாட்டின் கெண்டே, மாலி நாட்டில் சேற்றால் சாயமிடும் பொகொலான், நைஜீரியாவில் அவுரி நீலத்தில் தோய்க்கும் அடிரே ஆகியவை உலகப் புகழ் பெற்றவை. நைஜீரியாவின் கலபாரி இனப் பெண்கள் செய்வதைக் கேட்டால் வியப்படைவீர்கள். சென்னைப் பட்டணத்திலிருந்து கடல் கடந்து சென்ற கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கி, அதிலிருந்து குறிப்பிட்ட இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி உருவி, புதுக் கோலம் ஒன்றை அவர்கள் உண்டாக்கினார்கள். நம் நாட்டுத் துணி அவர்கள் கைபட்டு அவர்கள் துணியாயிற்று. துணி எங்கிருந்தும் வரலாம். அதற்கு மதிப்பைத் தருவது கை.

அந்தக் கைக்கு உரியது கிடைக்கிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஓர் ஆற்றின் வளைவில் கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்து அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்களும் உழைத்துத் தேய்ந்த ஆடைகளை வெட்டிப் போர்வை தைத்தனர். கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரிய காலத்தில், 1962இல், ஊரை அக்கரையோடு இணைத்த படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006இல்தான் அது மீண்டும் தொடங்கியது. 1966இல் அப்பகுதிப் பெண்கள் ஃபிரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவுக் குழுவை அமைத்துப் போர்வைகளை விற்றனர். வருமானம் வந்தது. ஆனால் பெருங்கடைகளுக்காக ஒரே அளவில், ஒரே மாதிரியில் தைத்தபோது, அவரவர் கற்பனைக்கு இடம் குறைந்தது. 2002இல் அவ்வூர்ப் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம் பெற்றன. இத்தனை புகழுக்குப் பின்னரும், தங்களுக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று 2007இல் சில பெண்கள் நீதிமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டு வழக்கு சமரசமாக முடிந்தது. புகழ் வேறு, கூலி வேறு என்பதற்கு இதுவே சான்று.

நம் சித்தியர் போர்வைகளும் புகழ் பெறாதவை அல்ல. 2004இல், ஹென்றி டுரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றறிஞரின் துணையோடு, சித்திப் பெண்களின் தையற் கூட்டுறவுக் குழு ஒன்று தொடங்கியது. 2011இல் நியூயார்க் நகரின் ஷோம்பர்க் மையத்தில் அப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஹுப்பள்ளியில் இருக்கும் நம்மில் பலரோ அவற்றை இன்னும் கண்டதில்லை!

இப்போது ஒரு சிறு கணக்கு. பார்சல் அலுவலகத்தில் நாங்கள் எடையையும் தூரத்தையும் கொண்டு கட்டணம் கணக்கிடுகிறோம். கைவேலையை எடை போட இயலாது. நேரத்தைக் கொண்டே அளக்க வேண்டும். ஒரு பெண் நாள்தோறும் மூன்று மணி நேரமாக முப்பது நாட்கள் தைப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு வேலை நாள் என்றால் பதினொன்றே கால் நாள். நாட்கூலி 400 ரூபாய் என்று கொண்டால் 4,500 ரூபாய் ஆகிறது. அப்போர்வையைப் பழந்துணிதானே என்று 1,000 ரூபாய்க்கு வாங்கி, 1,500 ரூபாய்க்கு விற்று, 500 ரூபாயை நாம் கல்வி நிதியில் வரவு வைத்தால், அறம் செய்தவர் யார்? 500 ரூபாய்க்கு நாம் கைதட்டல் பெறுவோம். 3,500 ரூபாய்க் கூலியை இழந்த அந்தப் பெண்ணின் பெயர் எந்த நன்கொடைப் பட்டியலிலும் ஏறாது.

ஆகவே சகோதரியரை நான் பணிவுடன் வேண்டுவன நான்கு.

முதலாவது, விலையைத் தைத்தவரே கூறட்டும். நாம் பேரம் பேசாதிருப்போம். இரண்டாவது, விற்ற பிறகு பணம் தருகிறோம் என்று சொல்லாமல், வாங்கும்போதே முழுத் தொகையையும் கொடுப்போம். விற்காமற் போனால் நட்டம் சங்கத்தைச் சேரட்டும். நம்மால் தாங்க முடியும், அவர்களால் முடியாது. மூன்றாவது, இந்த நிறம், இந்த அளவு என்று கட்டளையிடாமல், அவர்கள் விருப்பம்போல் தைத்ததை வாங்குவோம். அவர்கள் இசைந்தால், பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதிப் போர்வையோடு இணைப்போம். நான்காவது, விற்பனையில் இலாபம் வந்தால் அதுவும் அவர்களையே சேரட்டும்.

அப்படியாயின் நம் கல்வி நிதிக்கு என்ன வழி என்று பொருளாளர் கேட்பார். நியாயமான கேள்வி. கடையின் பக்கத்திலேயே ஓர் உண்டியல் வைப்போம். அதில் விழுவது நம் சொந்தப் பணமாக இருக்கட்டும். என் பங்காக ஒரு நாள் சம்பளத்தை இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். நூறு குடும்பத்தார் அவ்வாறு ஒரு நாள் சம்பளம் தந்தால், போர்வை இலாபத்தைவிடப் பெருந்தொகை சேரும். ஒருவர் உழைப்பைக் குறைந்த விலைக்கு எடுத்து மற்றொருவர்க்கு வழங்குவது வெறும் இடமாற்றம். நம்முடையதைக் கொடுப்பதே கொடை.

இரக்கத்துக்காக வாங்கிய பொருள் வீட்டுப் பரணில் கிடக்கும். மதித்து வாங்கிய பொருள் கட்டிலில் விரிக்கப்படும். சித்தியர் போர்வையை வாங்கும் அன்பர்கள் அதனைப் போர்த்திக்கொள்ளுங்கள், துவையுங்கள், பிள்ளைகளை அதில் உறங்க வையுங்கள். உழைக்கவே பிறந்த போர்வை அது.